ஹம்ரா என்றால் சிவந்தது. எது சிவந்தது?

கேள்வி இது: "ஜித்தாவில் நான் தங்கியிருக்கும் பகுதிக்கு அல்-ஹம்ரா என்று பெயர். ரியாத்திலும் ஓர் அல்-ஹம்ரா இருக்கிறது. ராஸ் அல் கைமாவில் வேலை பார்க்கும் நண்பர் அங்கேயும் ஒன்று உண்டு என்கிறார். ஸ்பெயினில் இருக்கும் அரண்மனை அல்ஹம்ப்ரா. என் அக்கா தன் மகளுக்கு ஹுமைரா என்று பெயர் வைத்திருக்கிறாள். இவை எல்லாம் ஒரே சொல்தானா? எல்லாமே அந்த ஸ்பெயின் அரண்மனையைப் பார்த்து வைத்த பெயர்களா?"

சொல் ஒன்றுதான். பெயர் வந்த கதை ஒவ்வொன்றுக்கும் வேறு. ஸ்பெயின் அரண்மனையைப் பார்த்து வைத்தவை சில உண்டு. ஆனால் அரபு நிலத்தில் கிடக்கும் ஹம்ராக்களில் சில, அந்த அரண்மனைக்கு அஸ்திவாரம் போடுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அந்தப் பெயரில் இருந்தவை. எது எந்த வகை என்று பிரித்துப் பார்க்க ஒரே ஓர் இலக்கணச் செய்தி தெரிந்தால் போதும். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அரபியில் சிவப்புக்கு வேர் மூன்று எழுத்து: ஹ, ம, ர. ஆண்பாலுக்கு அஹ்மர், பெண்பாலுக்கு ஹம்ரா, பன்மைக்கு ஹும்ர். முக்கியமான நிறங்கள் எல்லாம் இதே அச்சில்தான் வார்க்கப்படுகின்றன. பச்சை என்றால் அஃக்ளர், கள்ரா. வெள்ளை என்றால் அப்யள், பைளா. நீலம் என்றால் அஸ்ரக், ஸர்கா. இதே அச்சில் இன்னொரு கூட்டமும் வருகிறது: பார்வையற்றவர், கால் ஊனமானவர், பேச இயலாதவர் ஆகியோரைக் குறிக்கும் சொற்கள். பார்த்த உடனே கண்ணில் படுவது, ஓர் ஆளைக் கூட்டத்திலிருந்து பிரித்துக் காட்டுவது எதுவோ, அதற்கெல்லாம் அரபி ஒரே அச்சு வைத்திருக்கிறது. நிறச்சொல் ஓர் ஆளின் மேலோ ஓர் இடத்தின் மேலோ பெயராக இவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொள்வது அதனால்தான்.

அடுத்தது பால். அரபியில் உயிரில்லாத பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. நிறம் அதற்குப் பணிந்து நிற்கும். கல் ஆண்பால், ஆகவே கஅபாவில் இருப்பது ஹஜருல் அஸ்வத். குவிமாடம் பெண்பால், ஆகவே மதீனாவில் இருப்பது குப்பத்துல் கள்ரா. கடல் ஆண்பால், எனவே செங்கடல் அல்-பஹ்ருல் அஹ்மர். ஜித்தா சாலையில் ஓடும் செம்பிறைச் சங்க ஆம்புலன்ஸைப் பாருங்கள், பிறை ஆண்பால் என்பதால் அதில் அல்-ஹிலால் அல்-அஹ்மர் என்றுதான் இருக்கும்.

சரி, வீட்டைக் குறிக்கும் தார் என்ற சொல்? பெண்பால். நிலம்? பெண்பால். கோட்டை, தீவு, நகரம், ஊர் எல்லாமே பெண்பால். ஆக, ஓர் இடம் சிவப்பாக இருந்தால் அதற்குக் கிடைக்கும் அடைமொழி பெரும்பாலும் ஹம்ரா. முதலில் "சிவந்த கோட்டை", "சிவந்த நிலம்" என்று முழுசாகச் சொல்லியிருப்பார்கள். நாலு தலைமுறை போனதும் கோட்டை விழுந்துவிடும், அதாவது சொல்லிலிருந்து. சிவப்பு மட்டும் நிற்கும். நம் ஊரில் மாட்டைச் செவலை என்று கூப்பிடுவதும் இதே கணக்குதான். மாடு என்ற சொல்லை யாரும் சேர்ப்பதில்லை, செவலை என்றால் போதும்.

ஆகவே எந்த ஹம்ராவைப் பார்த்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: பெயரிலிருந்து விழுந்துபோன சொல் எது?

உங்கள் நண்பர் இருக்கும் ராஸ் அல் கைமாவையே எடுத்துக்கொள்வோம். இன்றைக்கு அங்கே அல் ஹம்ரா என்றால் விடுதிகள், கோல்ஃப் மைதானம், படகுத்துறை எல்லாம் உள்ள புதுக் குடியிருப்பு. அதை ஒட்டியே பழைய ஊர் ஒன்று ஆளில்லாமல் கிடக்கிறது. அதன் பெயர் அல்-ஜஸீரா அல்-ஹம்ரா, சிவந்த தீவு. கரையோடு ஒட்டினாற்போல இருந்த சின்னத் தீவுக் கிராமம் அது. முத்துக்குளிப்பை நம்பி வாழ்ந்த ஸஆப் குலத்தார் அங்கே இருந்தார்கள். 1960-களின் கடைசியில் அவர்கள் கூட்டத்தோடு அபுதாபிக்குக் குடிபெயர்ந்துவிட, வீடுகள் அப்படியே நின்றுவிட்டன. அந்தச் சுவர்களைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். கடலிலிருந்து எடுத்த பவளப்பாறைத் துண்டுகளை அடுக்கிக் கட்டியவை. பூச்சு உதிர்ந்த இடங்களில் பவளத்தின் கண் கண்ணான துளைகளும், நடுவே சிப்பி ஓடுகளும் தெரியும். பழைய ஊரின் பெயரில் தீவு இருக்கிறது; பக்கத்துப் புது ஊர் தீவை விட்டுவிட்டுச் சிவப்பை மட்டும் எடுத்துக்கொண்டது. பெயர்ச்சொல் விழுவதை இவ்வளவு தெளிவாகக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு வேறு எங்கும் எனக்குக் கிடைத்ததில்லை.

ஓமானிலும் ஒரு அல்-ஹம்ரா உண்டு. ஜபல் ஷம்ஸ் மலைக்குப் போகும் வழியில், பேரீச்சந்தோப்புக்கு மேலே, மண்ணால் கட்டிய இரண்டு மூன்று மாடி வீடுகள் சரிவில் அடுக்கடுக்காக நிற்கும் பழைய ஊர். மேற்குச் சகாராவில் ஸாகியா அல்-ஹம்ரா என்று ஓர் ஆற்றுப்படுகை. ஸாகியா என்றால் வாய்க்கால். லாயூன் நகரம் அதன் கரையில்தான் இருக்கிறது. 1973-இல் தொடங்கப்பட்ட பொலிசாரியோ இயக்கத்தின் முழுப்பெயரிலேயே இந்தச் சிவந்த வாய்க்கால் இருக்கிறது: ஸாகியா அல்-ஹம்ரா, ரியோ டி ஓரோ ஆகிய இரண்டு பகுதிகளின் விடுதலைக்கான மக்கள் முன்னணி. லிபியாவில் அல்-ஹமாதா அல்-ஹம்ரா, செம்பாறை விரிந்து கிடக்கும் பெரிய பீடபூமி. மொராக்கோவின் மராக்கேஷ் நகரத்துக்கே அல்-ஹம்ரா என்று பட்டப்பெயர். 1120-களில் முராபித் அரசர் அலீ இப்னு யூசுஃப் காலத்தில் எழுப்பிய மண் மதில் இன்றும் அந்த நிறத்தில் ஊரைச் சுற்றி நிற்கிறது. இவற்றில் எதுவும் ஸ்பெயினிலிருந்து இறக்குமதியானது இல்லை. மண் சிவப்பு, பெயர் சிவப்பு, அவ்வளவுதான்.

இன்னும் பழையது வேண்டுமா? மதீனாவுக்குத் தெற்கே சுமார் 8 மைல் தூரத்தில் ஹம்ராவுல் அஸத் என்று ஓர் இடம். அஸத் என்றால் சிங்கம். ஹிஜ்ரி 3-இல் (கி.பி. 625) உஹதுப் போர் முடிந்த மறுநாளே நபிகள் நாயகம், காயம் பட்டிருந்த தோழர்களையும் கூட்டிக்கொண்டு மக்காப் படையின் பின்னாலேயே போய் இந்த இடத்தில்தான் முகாமிட்டார்கள். படை பெரிதாகத் தெரியட்டும் என்று இரவில் 500 இடங்களில் தீ மூட்டச் சொன்னார்கள் என்று பழைய வரலாற்று நூல்கள் சொல்கின்றன. ஸ்பெயினின் கிரனாடா நகரத்தில் இருக்கும் அல்ஹம்ப்ரா அரண்மனைக்கு இன்னும் 600 வருடம் இருக்கிறது.

இப்போது அந்த அரண்மனைக்கு வருவோம். இங்கே விழுந்துபோன சொல் கல்ஆ, அதாவது கோட்டை. முழுப்பெயர் கல்அத்துல் ஹம்ரா. நம் நாளிதழ்கள் டெல்லிக் கோட்டையைச் செங்கோட்டை என்று எழுதுகிற அதே பொருள். கி.பி. 889-இல் உள்நாட்டுச் சண்டையின்போது ஸவ்வார் இப்னு ஹம்தூன் என்ற அரபுத் தலைவர் இந்தச் சிவந்த கோட்டையில் அடைக்கலம் புகுந்த செய்தி இருக்கிறது. இன்று நாம் பார்க்கும் அரண்மனை நகரைக் கட்டத் தொடங்கியவர் முதலாம் முஹம்மது. அவர் கிரனாடாவுக்குள் நுழைந்தது 1238-இல். அவருக்குத் தாடி சிவப்பு என்று சொல்வார்கள், இப்னுல் அஹ்மர் என்ற பெயரும் உண்டு. அவர் வம்சத்தை பனுல் அஹ்மர், சிவப்பரின் மக்கள், என்றே அழைத்தார்கள். அரசவைக் கடிதங்களைக்கூடச் சிவப்புக் காகிதத்தில் எழுதி அனுப்பினார்கள். இதை வைத்து, "அரசர் தாடி சிவப்பு, அதனால் அரண்மனைக்கு அல்ஹம்ப்ரா என்று பெயர்" என்று சுற்றுலா வழிகாட்டிகள் சிலர் சொல்வதுண்டு. அது தவறு. அவர் பிறப்பதற்கு 300 வருடத்துக்கு முன்பே கோட்டைக்கு அந்தப் பெயர் இருந்திருக்கிறது. சிவப்பு அரசரும் சிவப்புக் கோட்டையும் ஓரிடத்தில் சேர்ந்தது தற்செயல். கேட்க நன்றாக இருக்கிறது என்பதால் இந்தக் கதை சாகமாட்டேன் என்கிறது.

உண்மையான காரணம் மண்தான். குன்றின் மண்ணில் இரும்புச் சத்து அதிகம். அந்த மண்ணோடு சுண்ணாம்பும் சரளைக்கல்லும் சேர்த்து, இரண்டு பக்கமும் பலகை கட்டி, நடுவே கொட்டி, இடித்து இடித்து இறுக்கிச் சுவர் எழுப்பினார்கள். ஓர் அடுக்கு காய்ந்ததும் பலகையை மேலே தூக்கிக் கட்டி அடுத்த அடுக்கு. பழைய கோட்டைப் பகுதியின் சுவரில் அந்த அடுக்குகளின் கிடைக்கோடுகளையும், பலகைக்குத் தாங்கலாகக் கொடுத்த கட்டைகள் விட்டுப்போன ஓட்டைகளையும் இன்றும் பார்க்கலாம். சாயங்கால வெயில் விழும்போது அந்தச் சுவர் பழுத்த நிறத்துக்கு வரும். அந்தக் காலத்தில் மேலே சுண்ணாம்பு பூசி வெள்ளையாகவே இருந்திருக்கும் என்று சொல்கிற ஆய்வாளர்களும் உண்டு. உள்ளே போனால் சிவப்பைத் தேடத்தான் வேண்டும். அங்கே சாந்தில் செதுக்கிய எழுத்தும், வண்ண ஓடும், தண்ணீரும்தான்.

ஹம்ராவுக்கு நடுவில் "ப்" எப்படி வந்தது என்று பலர் கேட்பார்கள். அது ஸ்பானிய நாக்கின் வேலை. ம் முடிந்து ர தொடங்கும் இடத்தில் உதடு பிரியும்போது ஒரு சின்ன ஒலி தானாக விழுகிறது. தோளுக்கான பழைய லத்தீன் சொல் ஹுமெரஸ். ஸ்பானியத்தில் அது ஓம்ப்ரோ ஆனது இதே வழியில்தான். எழுத்தில் ஹ இருந்தாலும் ஸ்பானியர் வாயில் அது வராது. அலாம்ப்ரா என்றுதான் சொல்வார்கள். ஒரே சொல்லின் முதுகில் இரண்டு நாட்டின் பேச்சுப்பழக்கம் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

1492 ஜனவரி 2-ஆம் தேதி கிரனாடா முஸ்லிம் அரசரிடமிருந்து ஸ்பெயினின் கிறிஸ்தவ அரசர்களுக்குக் கைமாறியது. அதே ஆண்டு மார்ச் 31-இல், யூதர்கள் ஸ்பெயினை விட்டு வெளியேற வேண்டும் என்ற ஆணை கையெழுத்தானதும் இந்த அரண்மனையில்தான். அந்த ஆணையை இன்றும் அல்ஹம்ப்ரா ஆணை என்றே சொல்கிறார்கள். ஓர் இடத்தின் அழகுக்கு வைத்த பெயர் ஒரு மக்கள் கூட்டத்தின் துயரத்துக்கும் பெயராகி நிற்பதை நினைத்தால் மனசு கனக்கிறது.

அப்புறம்தான் பெயருக்கு இரண்டாம் வாழ்க்கை தொடங்குகிறது. 1829-இல் அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் பாழடைந்து கிடந்த அரண்மனைக்குள்ளேயே சில மாதம் தங்கி, 1832-இல் அதைப் பற்றிய கதைகளை வெளியிட்டார். அந்தப் புத்தகம் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் கிறங்க வைத்தது. லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் 1854-இல் அறிவியல் காட்சிக்கூடமாகக் கட்டிய ஒரு கட்டடம் சில வருடத்தில் அல்ஹம்ப்ரா என்ற கேளிக்கை அரங்காக மாறியது. 1936-இல் அதை இடித்துவிட்டுத்தான் ஓடியன் திரையரங்கைக் கட்டினார்கள். பிராட்ஃபோர்டில் 1914-இல் திறந்த அல்ஹம்ப்ரா அரங்கம் இன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் அல்ஹம்ப்ரா என்று ஒரு நகரமே உண்டு. அந்தப் பெயர் நேராக இர்விங்கின் புத்தகத்திலிருந்து போனது. ஸ்பெயினின் சியாட் நிறுவனம் 1996-இல் குடும்பத்தோடு போகிற பெரிய கார் ஒன்றுக்கு இந்தப் பெயரை வைத்தது. கார் எந்த நிறத்தில் வந்தாலும் பெயர் சிவப்புதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, இந்தப் பெயர் சுற்றிவிட்டுத் திரும்ப அரபு நாடுகளுக்கே வந்தது. ஐரோப்பாவில் அல்ஹம்ப்ரா என்றால் நாடகக் கொட்டகை என்று ஆகிவிட்டதல்லவா? சினிமா வந்தபோது அரபு ஊர்களும் கொட்டகைகளுக்கு அந்தப் பெயரையே வைத்தன. பாலஸ்தீனத்தின் யாஃபாவில் 1937-இல் கட்டிய அல்ஹம்ப்ரா திரையரங்கம் அந்தக் கடற்கரை ஊரின் பெருமையாக இருந்தது. டமாஸ்கஸில் அல்-ஹம்ரா அரங்கம், ஜெருசலேமில் அல்-ஹம்ரா சினிமா. குவைத் நகரத்தில் 2011-இல் கட்டி முடித்த அல்-ஹம்ரா கோபுரம் 410 மீட்டருக்கு மேல் உயரம். துணியைச் சுற்றி விட்டாற்போல ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டு நிற்கும். அதைப் பார்க்கிற யாருக்கும் மண்சுவரோ கோட்டையோ ஞாபகம் வராது. இங்கே விழுந்த சொல் எது என்று தேடினால் மண்ணில் விடை கிடைக்காது. இவை அரண்மனையின் புகழுக்காக வைத்தவை. லாகூரின் அல்ஹம்ரா கலை மையமும் இந்தப் புகழ் வரிசைதான். ஆனால் கட்டடக் கலைஞர் நய்யர் அலீ தாதா அதைச் செங்கல் சுவராகவே நிறுத்தி, பெயருக்கு நிறத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். 1998-இல் அதற்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது.

இனி மனிதர்கள். இங்கேதான் சிவப்புக்கு நாம் எதிர்பார்க்காத பொருள் வருகிறது. பழைய அரபியில் ஆளைப் பார்த்து "சிவப்பு" என்றால் வெளுத்த தோல்காரர் என்று அர்த்தம். ஒரு மனிதரை வெள்ளை என்று சொன்னால் அது குற்றம் குறை இல்லாதவர் என்ற புகழ்ச்சி; தோலின் வெளுப்பைச் சொல்ல அஹ்மர் என்பதே வழக்கு என்று பழைய அகராதிக்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். "சிவப்பருக்கும் கறுப்பருக்கும் அனுப்பப்பட்டேன்" என்று நபிகள் நாயகம் சொன்ன ஹதீஸின் பொருளும் மனிதர் எல்லோருக்கும் என்பதுதான். நம் பேச்சிலும் நல்ல நிறமான ஆளைச் "செகப்பா இருப்பார்" என்கிறோம். இதை வேறு மொழிக்காரருக்கு விளக்கப் பாடுபட வேண்டும், தமிழருக்கு விளக்கவே வேண்டாம்.

ஆகவே ஹம்ரா ஒரு கூட்டத்துக்கும் பெயரானது. அரபுகள் பாரசீகரை வென்ற காதிஸிய்யாப் போருக்குப் பிறகு அரபுகளோடு சேர்ந்துகொண்ட பாரசீக வீரர்கள் 4,000 பேர் இராக்கின் கூஃபாவில் குடியேறினார்கள் என்று வரலாற்றாசிரியர் பலாதுரீ எழுதுகிறார். அவர்களை ஹம்ராவு தைலம் என்றார்கள்; தைலம் என்பது அவர்கள் தலைவரின் பெயர். எகிப்தில் ஃபுஸ்தாத் நகரம் எழுந்தபோது, எகிப்தை வென்ற அரபுத் தளபதி அம்ர் இப்னுல் ஆஸின் படையோடு வந்த ரோமர் முதலானோர் தங்கிய மூன்று பகுதிகளுக்கு அல்-ஹம்ரா என்றே பெயர்: கிட்ட இருக்கும் ஹம்ரா, நடு ஹம்ரா, கடைசி ஹம்ரா. இந்த ஹம்ராவில் விழுந்த சொல் மண்ணும் இல்லை, கோட்டையும் இல்லை. அந்த மக்களின் முகம்.

ஒரு பழங்கதை சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க மனசு வரவில்லை. அரபுக் குலங்களில் முளருக்கு "முளர் அல்-ஹம்ரா" என்று பட்டம். காரணத்தை வரலாற்றாசிரியர் தபரீ சொல்கிறார். நிஸார் என்ற தந்தை சாகும்போது நான்கு மகன்களுக்குச் சொத்தைப் பிரித்தார். சிவப்புத் தோல் கூடாரமும் அதைப் போன்றவையும் முளருக்கு, கறுப்புக் கூடாரமும் அதைப் போன்றவையும் ரபீஆவுக்கு, இப்படி. சந்தேகம் வந்தால் நஜ்ரானில் இருக்கும் அஃப்ஆ என்பவரிடம் போங்கள் என்றார். போகிற வழியில் மேய்ந்துபோன புல்லைப் பார்த்தே, இந்த ஒட்டகத்துக்கு ஒரு கண் இல்லை, உடல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், வால் இல்லை, ஓடிப்போன ஒட்டகம் என்று ஆளுக்கொன்றாகச் சொல்லிவிடுகிறார்கள். ஒட்டகத்தைத் தொலைத்தவன் இவர்கள்தான் திருடர்கள் என்று பிடித்துக்கொள்கிறான். நம் நாலு மந்திரி கதையில் வரும் அதே காணாமல்போன ஒட்டகம்தான். எங்கிருந்து எங்கே போயிற்றோ, கதை நடந்திருக்கிறது. கடைசியில் அஃப்ஆ தீர்ப்புச் சொன்னார்: சிவப்புக் கூடாரத்தைப் போன்றவை என்றால் தங்கக் காசும் செந்நிற ஒட்டகமும்; அவை முளருக்கு. கறுப்புக் கூடாரத்தைப் போன்றவை கருங்குதிரைகள், அவை ரபீஆவுக்கு. அன்றிலிருந்து இவர் சிவப்பு முளர், அவர் குதிரை ரபீஆ.

செந்நிற ஒட்டகம் என்றால் அரபுகளுக்குச் சொத்தின் உச்சம். கைபர் போரின்போது நபிகள் நாயகம் அலீ அவர்களிடம், "உங்கள் மூலம் ஒரே ஒரு மனிதர் நேர்வழி அடைவது உங்களுக்குச் செந்நிற ஒட்டகங்களை விட மேலானது" என்றார்கள். தங்கம் என்று சொல்லாமல் ஒட்டகத்தைச் சொன்னதிலேயே அந்த மக்களின் வாழ்க்கை தெரிகிறது. ஆனால் இதே சிவப்பு பஞ்சத்துக்கும் பெயர். மழை பொய்த்து வானம் செக்கச் சிவந்து கிடக்கும் வருடத்தை "சிவந்த வருடம்" என்றார்கள். "இரண்டு சிவப்பு" என்றால் இறைச்சியும் மதுவும். "அழகு சிவப்பானது" என்று ஒரு பழமொழி, அழகு வேண்டுமென்றால் கஷ்டப்பட வேண்டும் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள்.

ஆண்பால் அஹ்மர் ஆட்களின் பெயரில் நிறைய வரும். 8-ஆம் நூற்றாண்டு பஸ்ராவில் பழங்கவிதைகளை மனப்பாடமாக வைத்திருந்த கலஃப் அல்-அஹ்மர், தானே கவிதை எழுதிப் பழைய கவிஞர்கள் தலையில் கட்டிவிடுவதிலும் பேர்போனவர். யேமனில் ஹாஷித் குலக் கூட்டமைப்பின் தலைவர் குடும்பம் அல்-அஹ்மர். அந்தக் குடும்பத்து ஷேக் அப்துல்லாஹ் 1993 முதல் 2007-இல் இறக்கும்வரை யேமன் நாடாளுமன்றத்தின் சபாநாயகராக இருந்தார்.

தமிழில் எழுதும்போது ஒரு எச்சரிக்கை. நம் எழுத்தில் அரபியின் ஒலி வேறுபாடு எல்லாம் தெரியாது. கம்ரா என்று நாம் எழுதுவது நிலவொளியாகவும் இருக்கலாம், மதுவோடு தொடர்புள்ள கம்ர் என்ற சொல்லின் உறவாகவும் இருக்கலாம். இரண்டுமே ஹம்ரா இல்லை. ஸ்பெயின் வரைபடத்தில் அல்ஹாமா என்று ஊர்கள் வரும். அவை ஹம்மா, அதாவது வெந்நீர் ஊற்று என்ற சொல்லிலிருந்து வந்தவை. சிவப்புக்கும் அவற்றுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

உங்கள் அக்கா மகளுக்கு வருகிறேன். ஹுமைரா என்பது ஹம்ராவின் செல்ல வடிவம். அரபியில் ஒரு சொல்லை உ, ஐ என்ற ஓசையில் குறுக்கினால் "குட்டி", "செல்ல" என்ற பொருள் வரும். ஹசன் ஹுசைன் ஆவதும் அப்படித்தான். ஆகவே ஹுமைரா என்றால் சிவந்த குட்டி, சிவத்தம்மா. நபிகள் நாயகம் தம் மனைவி ஆயிஷா அவர்களை அழைத்த செல்லப்பெயர் என்பதால்தான் நம் வீடுகளில் இந்தப் பெயர் வைக்கிறார்கள். இதில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். "உங்கள் மார்க்கத்தில் பாதியை இந்த ஹுமைராவிடம் கற்றுக்கொள்ளுங்கள்" என்று மேடைகளில் சொல்லப்படும் செய்திக்கு ஆதாரம் இல்லை என்று ஹதீஸ் அறிஞர்கள் தள்ளிவிட்டார்கள். ஆனால் பெயரே பொய் என்று ஆகிவிடாது. பள்ளிவாசலில் அபிசீனியர்கள் ஈட்டி விளையாட்டுக் காட்டியபோது, "ஹுமைரா, பார்க்க ஆசையா?" என்று நபிகள் நாயகம் கேட்டதாக நஸாயீயின் ஹதீஸ் தொகுப்பில் வரும் அறிவிப்பைச் சரியானது என்று ஹதீஸ் அறிஞர் இப்னு ஹஜர் ஏற்றிருக்கிறார். ஒரு கணவர் மனைவியிடம், வாசலில் விளையாட்டு நடக்கிறது, வா பார்க்கலாம் என்று கூப்பிடும் இடத்தில் வருகிற பெயர் அது.

கூப்பிடும்போது முதல் எழுத்தைத் தொண்டையிலிருந்து கொஞ்சம் அழுத்தி எடுங்கள், "மை"யை விழுங்காதீர்கள். இதே மூன்று வேரெழுத்தில்தான் கழுதைக்கான ஹிமாரும் அதன் பன்மை ஹமீரும் இருக்கின்றன. வீட்டில் சுருக்கிக் கூப்பிட ஆசைப்பட்டால் ஹுமை என்று கூப்பிடச் சொல்லுங்கள்.